லென்ஸுக்கு மார்க் போடுவது எப்படி?

ஹைதராபாத்தில் பேகம்பேட்டைக்கும் பாலாநகருக்கும் இடையே சில கிலோமீட்டர்தான் தூரம். பேகம்பேட்டையில் இருந்தது நிஜாமியா வானாய்வகம். நவாப் ஜாஃபர் ஜங் 1901இல் இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கிவந்து சொந்தச் செலவில் தொடங்கிய முயற்சி அது. அவர் மறைவுக்குப் பின் 1908இல் நிஜாம் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1919இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பாலாநகரில் இருப்பது தேசியத் தொலையுணர்வு மையம். 1974இல் தனி நிறுவனமாகத் தோன்றி, 2008 முதல் இஸ்ரோவின் ஓர் அங்கமாக இயங்குகிறது. முன்னது தரையிலிருந்து வானத்தைப் படம்பிடித்தது. பின்னது வானத்திலிருந்து தரையை எடுக்கும் படங்களை வாங்கிச் சீர்செய்து நாட்டுக்குக் கொடுக்கிறது. இரண்டு இடங்களிலும் வேலைசெய்தவர்களுக்கு முன்னால் நின்ற கேள்வி ஒன்றே: இந்த லென்ஸ் காட்டுவதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கல்யாண போட்டோகிராபர் கேமரா கடையில் கேட்பதும் இதைத்தான். "லென்ஸ் ஷார்ப்பா இருக்குமா?" என்கிறார். "சூப்பர் ஷார்ப், தைரியமா எடுங்க" என்று பதில் வருகிறது. எவ்வளவு ஷார்ப், எந்த இடத்தில் ஷார்ப், எதோடு ஒப்பிட்டால் ஷார்ப் என்று யாரும் கேட்பதில்லை. அரிசிக்குக் கிலோ உண்டு, துணிக்கு மீட்டர் உண்டு. கூர்மைக்கும் நியாயமான ஓர் அளவு உண்டு. அது ரகசியமும் இல்லை. அதைப் புரிந்துகொள்ளப் பேகம்பேட்டையிலிருந்து தொடங்குவது நல்லது.

1887இல் பாரிஸில் கூடிய வானியலாளர்கள் வானம் முழுவதையும் போட்டோ எடுத்து விண்மீன்களின் இடங்களைப் பட்டியலிடுவதென்று முடிவுசெய்தார்கள். பல நாட்டு வானாய்வகங்கள் வானத்தைப் பட்டை பட்டையாகப் பங்கிட்டுக்கொண்டன. சிலி நாட்டின் சாந்தியாகோ வானாய்வகத்தால் தன் பங்கை முடிக்க முடியவில்லை. வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 17 பாகை முதல் 23 பாகை வரையான அந்தப் பட்டை ஹைதராபாத்துக்கு வந்தது. 8 அங்குல குக் லென்ஸ் பொருத்திய, போட்டோ எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட தொலைநோக்கியைக் கொண்டு 1914 முதல் 1929 வரை இந்த வேலை நடந்தது. அது முடிவதற்குள் ஜெர்மனியின் போட்ஸ்டாம் வானாய்வகம் விட்டுவிட்ட வடவானப் பட்டை ஒன்றும் இங்கே வந்து சேர்ந்தது. ராபர்ட் போகாக்கும் அவருக்குப் பின் டி.பி. பாஸ்கரனும் இயக்குநர்களாக இருந்து இதை நடத்தினார்கள். காவலூர் வானாய்வகத்துக்குத் தன் பெயரைத் தந்திருக்கும் வைணு பாப்புவின் தந்தையும் நிஜாமியாவில் பணியாற்றியவர்தான்.

இந்தத் திட்டத்துக்கு ஒரு கறாரான விதி இருந்தது. வானத்தில் ஒரு கலை அளவு, அதாவது ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு, படம் பதியும் கண்ணாடித் தட்டில் ஒரு மில்லிமீட்டராக விழவேண்டும். விண்மீன் எங்கே இருக்கிறது என்பதை அந்தத் தட்டின் மேல் மைக்ரான் கணக்கில் அளப்பதுதான் வேலை. அங்கேதான் லென்ஸின் குணம் வெளிப்பட்டுவிடும்.

விண்மீன் மிகமிகத் தொலைவில் இருப்பதால், கேமராவைப் பொறுத்தவரை அது கணிதப் புள்ளிக்குச் சமம். ஆனால் எந்த லென்ஸும் புள்ளியைப் புள்ளியாகப் பதித்ததில்லை. தட்டில் விழுவது ஒரு சிறு திட்டு. தட்டின் நடுவில் அது வட்டமாக இருக்கும். ஓரத்துக்குப் போகப்போக உருமாறும்: ஒரு பக்கம் வால் முளைத்து வால்மீன்போல ஆகும், இல்லையேல் மையத்தை நோக்கியோ அதற்குக் குறுக்காகவோ நீண்டுவிடும். பளிச்சென்ற விண்மீனின் வால் முழுதாகப் பதியும். மங்கலான விண்மீனுக்கு வாலின் அடிப்பகுதி மட்டும் பதியும். ஆகவே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு விண்மீன்களில் பிரகாசமானது மட்டும் இடம்பெயர்ந்ததுபோலத் தோன்றும். வானியலாளருக்கு இது வயிற்றைக் கலக்கும் செய்தி, ஏனென்றால் அவர் அளக்க வந்ததே இடத்தைத்தான்.

ஒரு புள்ளியை லென்ஸ் எப்படிப் பரப்புகிறது என்று தெரிந்துவிட்டால், அந்த லென்ஸைப் பற்றிப் பெரும்பாலும் எல்லாமே தெரிந்ததுபோலத்தான். எந்தக் காட்சியும் கோடானுகோடிப் புள்ளிகளின் கூட்டம். லென்ஸ் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றையும் அதேபோலப் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடுகிறது. மணப்பெண்ணின் புருவமயிர் மழுங்குவதும், சார்மினாரின் சுண்ணாம்புச் சுதை வேலைப்பாடு குழைந்து தெரிவதும் இப்படித்தான். கருப்பான இடத்துக்குள் பக்கத்து வெள்ளையின் ஒளி வழிந்து வந்துவிடுகிறது. வெள்ளை தன் ஒளியில் கொஞ்சத்தை இழக்கிறது.

இந்த வழிசலை எண்ணாக்குவது எளிது. அடுத்தடுத்துக் கருப்பு, வெள்ளைப் பட்டைகள் வரைந்த ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். வெள்ளையின் ஒளி 200, கருப்பின் ஒளி 20 என்றால், வித்தியாசமான 180ஐக் கூட்டுத்தொகையான 220ஆல் வகுத்தால் 0.82 வருகிறது. இதுதான் அட்டையின் காண்ட்ராஸ்ட். லென்ஸ் உருவாக்கிய பிம்பத்தில் வெள்ளை 160ஆக இறங்கி, கருப்பு 60ஆக ஏறியிருக்கிறது என்று வையுங்கள். 100ஐ 220ஆல் வகுத்தால் 0.45. கூட்டுத்தொகை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்: ஒளி எங்கும் தொலைந்துபோகவில்லை, இடம் மாறி விழுந்திருக்கிறது. 0.82ஆக இருந்தது 0.45 ஆனதால், இந்தப் பட்டைகளைப் பொறுத்தவரை லென்ஸ் 55 சதவீதக் காண்ட்ராஸ்டைக் கடத்தியிருக்கிறது.

'இந்தப் பட்டைகளைப் பொறுத்தவரை' என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பட்டைகளை இன்னும் மெல்லியதாக வரைந்தால் வழிசல் அதிகமாகும், எண் குறையும். அகலமாக வரைந்தால் எண் ஒன்றை நெருங்கும். பட்டையின் நுணுக்கத்தை, பிம்பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கருப்பு-வெள்ளை இணைகள் என்று சொல்வது வழக்கம். 10 இணை, 20 இணை, 40 இணை என்று போய்க்கொண்டே, ஒவ்வொன்றுக்கும் கடத்தப்பட்ட காண்ட்ராஸ்டைக் குறித்துப் புள்ளிகளைச் சேர்த்தால் இறங்குமுகமான ஒரு வளைகோடு கிடைக்கும். இதன் பெயர் மாடுலேஷன் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன், சுருக்கமாக எம்டிஎஃப். விண்மீனின் திட்டை ஃபூரியர் கணிதத்துக்குள் செலுத்தினாலும் இதே வளைகோடுதான் வரும். பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-மிஷெல் டுஃபியூ 1946இல் வெளியிட்ட நூல் இந்தக் கணிதத்துக்கு அடித்தளம் இட்டது. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனப் பொறியாளர் ஓட்டோ ஷேட் 1940களின் இறுதியிலிருந்து இதைத் தொலைக்காட்சிக் கேமராவின் லென்ஸ்களுக்குப் பயன்படுத்தினார்.

ஷேட் சந்தித்த சிக்கல் இன்றைக்கும் பொருந்தும். அதுவரை லென்ஸுக்கு மார்க் போட்டது ஒரே ஓர் எண்ணால்: பிரித்துக் காட்டும் ஆகச் சிறிய கோடு எது? அமெரிக்க விமானப்படையின் 1951ஆம் ஆண்டு அட்டை அப்படிப்பட்டதுதான். மூன்று மூன்று கோடுகளாகச் சிறுத்துக்கொண்டே போகும் தொகுதிகளில், எதுவரை கண்ணுக்குப் பிரிகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கணக்கில் முதல் மார்க் வாங்கிய லென்ஸ் தொலைக்காட்சியில் சோகையான படத்தைக் கொடுக்கலாம். இரண்டாம் இடத்தில் இருந்தது பளிச்சென்று காட்டலாம். தொலைக்காட்சி அந்த நுண்ணிய கோடுகளைக் காட்டவே போவதில்லை. அதற்குத் தேவைப்பட்டது அகலமான பட்டைகளில் அழுத்தமான காண்ட்ராஸ்ட்.

உதாரணத்துக்கு இரண்டு லென்ஸ்கள். முதலாவது 10 இணையில் 95 சதவீதமும் 40 இணையில் 30 சதவீதமும் கடத்துகிறது. இரண்டாவது 10 இணையில் 80, 40 இணையில் 45. எது ஷார்ப்? கல்யாண ஆல்பத்துக்கு முதலாவது. விண்மீன்களைப் படம்பிடிக்கவோ, தூரத்துப் பறவையின் இறகை வெட்டியெடுத்துப் பெரிதாக்கவோ இரண்டாவது. வேலை என்னவென்று சொல்லாமல் லென்ஸுக்கு ஒற்றை மார்க் போட முடியாது என்பதே என் கருத்து. விமர்சனங்களில் பத்துக்கு ஒன்பதரை என்று போடுவதைப் பார்க்கும்போதெல்லாம், எந்த நுணுக்கத்தில் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆல்பத்துக்கு முதலாவதுதான் என்று எப்படித் துணிந்து சொல்கிறேன்? நம் கண்ணுக்கும் ஓர் எம்டிஎஃப் உண்டு. ஃபெர்கஸ் கேம்பெல், ஜான் ராப்சன் இருவரும் 1968இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் மைல்கல். பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்குள் மூன்று முதல் ஐந்து கருப்பு-வெள்ளை இணைகள் இருக்கும்போது கண் மிகக் கூர்மையாக உணர்கிறது. அதைவிட நுண்ணியதிலும், அதைவிட அகலமானதிலும் உணர்திறன் குறைந்துவிடுகிறது. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சாரில் எடுத்த படத்தை 12 அங்குல அகலத்துக்கு அச்சிட்டால் ஏறத்தாழ எட்டரை மடங்கு பெரிதாகிறது. சென்சாரில் மில்லிமீட்டருக்கு 10 இணையாக இருந்தது, அச்சில் ஒன்றேகால் இணைக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதைக் கையில் பிடித்து 25 சென்டிமீட்டரிலிருந்து பார்த்தால் பாகைக்கு ஐந்து இணை. கண் மிக விரும்பும் இடத்திலேயே வந்து உட்கார்கிறது! லென்ஸ் நிறுவனங்கள் தங்கள் எம்டிஎஃப் வரைபடங்களில் 10 இணைக்கென்று ஒரு கோட்டைத் தவறாமல் போடுவதற்கு இது முக்கியக் காரணம்.

ஹைதராபாத்தின் பஞ்சாரா ஹில்ஸில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை இருக்கிறது. திரைப்பட இயக்குநர் எல்.வி. பிரசாத்தின் நன்கொடை பெற்று 1987இல் தொடங்கியது. கண் மருத்துவத்திலும் இதே பாடம்தான். எழுத்துகள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் வழக்கமான அட்டை, 1951 கோட்டு அட்டையைப் போலப் பிரிப்பதை மட்டும் சோதிக்கிறது. ஆரம்பநிலைக் கண்புரை உள்ள ஒருவர் அந்த அட்டையில் கடைசி வரிக்குப் பக்கம்வரை வாசித்துவிடுவார். ஆனால் "ராத்திரி வண்டி ஓட்ட முடியல, எதிர்ல வர்ற வெளிச்சத்துல ரோடே தெரியல" என்பார். அவர் சொல்வது முழு உண்மை. புரை ஒளியைச் சிதறடித்துக் காண்ட்ராஸ்டைத் தின்றிருக்கிறது, எழுத்து அட்டைக்கு அது தெரியவில்லை. எழுத்தின் அளவை மாற்றாமல் கருமையை மட்டும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும் பெல்லி-ராப்சன் அட்டை 1988இல் வந்தது இந்தக் குறையைப் பிடிக்கத்தான்.

கேமரா லென்ஸுக்கும் புரை பிடிக்கும். சென்னை, நாகப்பட்டினம் பக்கம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு லென்ஸ் பூஞ்சையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சிலந்திவலைபோல உள்ளே படரும் அந்தப் பூஞ்சை, மெல்லிய கோடுகளை உடனே அழிப்பதில்லை. முதலில் படம் முழுவதும் பால் தெளித்ததுபோல ஒரு வெளிறலைக் கொண்டுவருகிறது. சுத்தமான லென்ஸிலும் இந்தத் தொல்லை வேறு உருவில் உண்டு. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. மூன்று கண்ணாடிகள், ஆறு பரப்புகள் கொண்ட பழைய லென்ஸில் நேர்வழியில் போய்ச் சேர்வது 78 சதவீதம். இன்றைய ஜூம் லென்ஸில் 15 கண்ணாடிகள் இருந்தால் 30 பரப்புகள். பூச்சு இல்லாவிட்டால் 29 சதவீதம்தான் மிஞ்சும். மற்றதில் ஒரு பங்கு உள்ளேயே எதிரொளித்து, கடைசியில் படத்தின் இருட்டான பகுதிகளில் போய் விழும்.

இதற்கான தீர்வின் முதல் தடயம் கிடைத்தது, ஹைதராபாத்தின் 8 அங்குல லென்ஸைச் செய்த அதே குக் நிறுவனத்தில்தான். அங்கே ஒளியியல் வடிவமைப்பாளராக இருந்த டென்னிஸ் டெய்லர், பழசாகி மேலே நிறம் மாறிப்போன லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்துவதை 1890களில் கவனித்தார். கண்ணாடியைச் செயற்கையாகப் பழசாக்கும் முறைக்குக் காப்புரிமையும் பெற்றார். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935இல் கண்டுபிடித்த பூச்சுமுறைதான் இன்றைய லென்ஸ்களின் ஊதா, பச்சை மினுமினுப்புக்கு மூலம். இன்று பரப்புக்கு அரை சதவீதம் திரும்பினாலும், 30 பரப்புகளைத் தாண்டி 86 சதவீத ஒளி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சரி, எம்டிஎஃபை நடைமுறையில் எப்படி அளப்பது? விண்மீனை வைத்து அளக்கலாம். ஆனால் அது மங்கல். மேலும் காற்றின் நடுக்கம் அதன் திட்டைத் தனியே கலைத்துவிடும். கோட்டு அட்டையை வைத்து அளந்தால், பிக்சல் வரிசையும் கோட்டு வரிசையும் மோதி இல்லாத அலைகளைக் காட்டும். போகஸ் பெரிதாக விலகிய லென்ஸில் இன்னொரு விபரீதமும் நடக்கும்: ஒரு கட்டத்துக்குமேல் கருப்புக் கோடு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையும், வெள்ளையின் இடத்தில் கருப்பும் தெரியும். கோடுகள் பிரிந்து தெரிவதாகவே தோன்றும், ஆனால் அது பொய். ஆகவே இன்று பெரும்பாலோர் நம்புவது ஓர் எளிய விளிம்பை. ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் வெள்ளை, நடுவில் நேர்க்கோடு. 2000இல் வெளியான ஐஎஸ்ஓ 12233 தரநிலை, அந்த விளிம்பைப் பிக்சல் வரிசைக்கு ஏறக்குறைய ஐந்து பாகை சாய்த்து வைக்கச் சொல்கிறது.

அந்தச் சாய்வில் இருக்கும் சாமர்த்தியத்தைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். விளிம்பு நேராக நின்றால், கருப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும் இடத்தில் இரண்டு மூன்று பிக்சல்கள்தான் இருக்கும். அந்தச் சரிவின் வடிவத்தை அறிய அது போதாது. ஐந்து பாகை சாய்த்தால், ஒவ்வொரு பிக்சல் வரிசைக்கும் விளிம்பு 0.087 பிக்சல் அளவு நகர்ந்து நிற்கும். ஏறக்குறைய பதினோரு வரிசை இறங்கினால்தான் முழுதாக ஒரு பிக்சல் தள்ளிப்போகும். ஆக, பதினோரு வரிசைகளும் அதே சரிவைப் பதினோரு வெவ்வேறு இடங்களிலிருந்து தொட்டுப் பார்த்த சாட்சிகள். அவற்றை விளிம்பிலிருந்து உள்ள தூரத்தின்படி ஒரே வரிசையில் கோத்துவிட்டால், பிக்சலைவிட நுணுக்கமான சரிவுக்கோடு கிடைத்துவிடும். அந்தச் சரிவு எங்கே எவ்வளவு செங்குத்து என்று கணக்கிட்டால் ஒரு மெல்லிய கோட்டின் பிம்பம். அதை ஃபூரியர் கணிதத்தில் போட்டால் எம்டிஎஃப். ஒரே ஒரு போட்டோவிலிருந்து முழு வளைகோடும் வந்துவிடுகிறது.

விளிம்பு மட்டும் உண்மையிலேயே கூராக இருக்கவேண்டும். ஹைதராபாத்துக்குக் கிழக்கே இருக்கும் போச்சம்பள்ளியின் இக்கத் சேலையை வைத்து லென்ஸைச் சோதித்தால் ஏமாந்துபோவோம். நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயம் தோய்ப்பதால், தறியில் ஏறும்போது நூல்கள் மயிரிழை முன்பின்னாக நின்று, வடிவங்களின் ஓரம் இறகுபோலக் கலைந்திருக்கும். அந்தச் சேலையின் அழகே அதுதான். ஆனால் மழுங்கலுக்குக் காரணம் லென்ஸா, தறியா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. புது ஷேவிங் பிளேடின் ஓரத்தைப் பின்னாலிருந்து வெளிச்சமிட்டுப் படமெடுப்பது நம்பகமானது.

இப்போது பாலாநகருக்கு வருவோம். இஸ்ரோவின் தொலையுணர்வுக் கேமராக்களை அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்குகிறது. ஏவுவதற்கு முன் அங்கே மேசையில் வைத்து எம்டிஎஃப் அளந்துவிடலாம். ராக்கெட்டின் அதிர்வையும் விண்வெளியின் சூட்டையும் குளிரையும் தாண்டிய பிறகு அந்த எண் அப்படியே நிற்கிறதா என்பதைப் பிறகு படங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். படங்கள் ஹைதராபாத்துக்குத் தெற்கே ஷாத்நகரில் உள்ள தரைநிலையத்தில் வந்து இறங்குகின்றன.

2005 மே 5 அன்று ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1ஐ எடுத்துக்கொள்வோம். 618 கிலோமீட்டர் உயரம். கண்ணாடி லென்ஸுக்குப் பதில் மூன்று வளைந்த ஆடிகள். குவியத்தூரம் 1,980 மில்லிமீட்டர், எஃப் எண் 4.5. ஒரே வரிசையில் 12,000 பிக்சல்கள், ஒவ்வொன்றும் 7 மைக்ரான். தரையில் சுமார் இரண்டரை மீட்டர் ஒரு பிக்சல். செய்தித்தாளில் இந்த இரண்டரை மீட்டர்தான் வரும். படம் எப்படி இருக்கும் என்பதில் அது பாதிக் கதைதான்.

மீதிக் கதைக்கு ஒரு கணக்கு. பிக்சல்கள் பிரித்துக் காட்டக்கூடிய ஆக நுண்ணிய இணை, ஒரு பிக்சல் கருப்பு, ஒரு பிக்சல் வெள்ளை. ஆடிகளில் ஒரு குறையும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒளியின் விளிம்பு விளைவு காரணமாக அந்த நுணுக்கத்தில் 74 சதவீதக் காண்ட்ராஸ்ட்தான் மிஞ்சும். பிக்சலுக்கும் அகலம் உண்டு. அந்த அகலத்தில் விழும் ஒளியைச் சராசரியாக்குவதால் அதன் பங்கு 64 சதவீதம். செயற்கைக்கோள் தரையைப் பொறுத்து விநாடிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு வரி பதிவாகும் மில்லிவிநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் காட்சி கிட்டத்தட்ட ஒரு பிக்சல் நகர்ந்துவிடுகிறது. பயணத் திசையில் அதற்கு இன்னொரு 64 சதவீதம். இவற்றைக் கூட்டக்கூடாது, பெருக்கவேண்டும். பெருக்கினால் 30 சதவீதம். குறையே இல்லாத கேமராவுக்கே உச்சவரம்பு இது. காற்று மண்டலத்தின் தூசு, கலத்தின் சிறு நடுக்கம், மின்னணுச் சுற்றின் மந்தம் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் பெருக்கிக் குறைக்கும்.

பெருக்கல் என்பதால்தான் எம்டிஎஃப் பொறியாளர்களுக்குப் பிடித்திருக்கிறது. எந்தப் பகுதி எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியே கணக்குக் காட்ட முடிகிறது. நம் கைக்கேமராவிலும் இதே பெருக்கல்தான்: லென்ஸ், சென்சார், கை நடுக்கம், போகஸ் பிசகு, மாலை நேரத்தில் சார்மினாருக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் வண்டிப் புகை. நல்ல லென்ஸை வாங்கிவிட்டு முக்காலியை வாங்காமல் விடுவது இந்தக் கணக்கில் பெரும் நஷ்டம்.

விண்ணில் இருக்கும் கேமராவுக்குப் பிளேடின் ஓரத்தைக் காட்ட முடியாது. அதனால் பெரிய விளிம்புகளைத் தேடுகிறார்கள். பிரான்சின் சலோன் தெ ப்ரோவென்ஸில் 60 மீட்டர் நீளஅகலத்தில் தரையில் கருப்பு-வெள்ளைக் கட்டங்கள் பூசியிருக்கிறார்கள். லேண்ட்சாட்-7இன் எம்டிஎஃபை அமெரிக்காவின் பான்சார்ட்ரெய்ன் ஏரிப் பாலத்தை வைத்து அளந்தார்கள். இருண்ட நீரின் நடுவே வெளிறிய கான்கிரீட், தேவைக்கேற்ற நேர்க்கோடு. பிரான்சின் பிளேயட்ஸ் செயற்கைக்கோள்களோ கேமராவை விண்மீன்களின் பக்கம் திருப்பி, அந்தத் திட்டுகளிலிருந்தே எம்டிஎஃபைக் கணித்து போகஸையும் சரிசெய்துகொண்டன. காற்று மண்டலத்துக்கு மேலே இருப்பதால் விண்மீன் நடுங்குவதில்லை.

எம்டிஎஃப் தெரிந்தால், குறைந்துபோன காண்ட்ராஸ்டைக் கணினியில் ஓரளவு மீட்கவும் முடியும். 30 சதவீதமாகக் குறைந்ததை மூன்று மடங்காக்கினால் போதாதா என்று தோன்றும். ஆனால் கூடவே இரைச்சலும் மூன்று மடங்காகும். முற்றிலும் தொலைந்ததைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. செல்போன்கள் படத்தை மிகையாகத் தீட்டிக் கூரையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்றை வரைந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது லென்ஸ் கண்டது அல்ல, மென்பொருள் சேர்த்தது. அளவெடுக்கும்போது இந்தத் தீட்டலை அணைத்துவிட்டு, ரா கோப்பில் எடுக்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அபெர்ச்சரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'சின்ன அபெர்ச்சர் வைத்தால் எல்லாம் ஷார்ப்பாக வரும்' என்று நம்புகிறவர்கள் நிறைய. ஓரளவுவரைதான் அது உண்மை. பச்சை ஒளிக்கு, எஃப் 8இல் குறையற்ற லென்ஸ்கூட மில்லிமீட்டருக்கு 227 இணைக்கு மேல் எதையும் கடத்தாது. எஃப் 22இல் அந்த எல்லை 83க்கு இறங்கிவிடும். 24 மெகாபிக்சல் ஃபுல் பிரேம் சென்சார் பதிவுசெய்யக்கூடிய ஆக நுண்ணிய இணையும் சரியாக 83தான். ஆக எஃப் 22இல், உங்கள் சென்சாரின் கடைசி நுணுக்கத்துக்குப் போய்ச் சேரும் காண்ட்ராஸ்ட் பூஜ்யம். பெரும்பாலான லென்ஸ்கள் எஃப் 5.6க்கும் 8க்கும் நடுவில்தான் நன்றாக நடந்துகொள்கின்றன.

நிறுவனங்களின் எம்டிஎஃப் வரைபடத்தை வாசிப்பது கடினமில்லை. கிடைக்கோட்டில் படத்தின் நடுவிலிருந்து ஓரம்வரை தூரம். ஃபுல் பிரேமில் மூலை 21.6 மில்லிமீட்டரில் முடியும். மேலே 10 இணைக்கான கோடு, கீழே 30 இணைக்கான கோடு. ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்திருக்கும்: மையத்திலிருந்து வெளியே ஓடும் கோடுகளுக்கு ஒன்று, அதற்குக் குறுக்கான கோடுகளுக்கு ஒன்று. இரண்டும் ஓரத்தில் வெகுவாக விலகினால், பேகம்பேட்டைத் தட்டில் ஓரத்து விண்மீன் ஒரு பக்கமாக நீண்டதே, அதே குறை. ஒன்றைமட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் தருவது கணினியில் கணக்கிட்ட கோடு. ஸைஸ் போன்ற சிலர் தருவது, செய்து முடித்த லென்ஸை வைத்து அளந்த கோடு. கணக்கிட்டதில், தொழிற்சாலையில் ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்து உட்கார்ந்தது தெரியாது. ஒரே மாடலில் இரண்டு லென்ஸ்கள் ஒன்றுபோல இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

அதனால் புது லென்ஸ் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். கருப்புச் சதுரங்கள் சிலவற்றை லேசர் பிரிண்டரில் அச்சடித்து, ஐந்து பாகை சாய்வாக, சுவரில் நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒட்டுங்கள். குவியத்தூரத்தைப் போல முப்பது, நாற்பது மடங்கு தள்ளி முக்காலியை நிறுத்துங்கள். கேமரா சுவருக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க, சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஒட்டி வையுங்கள். வியூஃபைண்டரின் நடுவில் லென்ஸின் பிம்பமே தெரிந்தால் சரி. டைமரில் எடுங்கள். எம்டிஎஃப் மேப்பர் போன்ற இலவச மென்பொருள்கள் மீதியைக் கணக்கிட்டுவிடும். நடுவில் வரும் எண் பெரிதா சிறிதா என்பதைவிட நான்கு மூலைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதே முக்கியம். மூன்று மூலைகள் ஒருபோல இருந்து ஒன்று மட்டும் பாதியாக இருந்தால், கெடு முடிவதற்குள் லென்ஸைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பழுது தானாகச் சரியாகாது. செயற்கைக்கோள் படம் இத்தனை சென்டிமீட்டர், செல்போன் கேமரா இத்தனை மெகாபிக்சல் என்று யார் சொன்னாலும், அந்த நுணுக்கத்தில் காண்ட்ராஸ்ட் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லாதவர்கள் பாதி விவரத்தைத்தான் தந்திருக்கிறார்கள்.